தரைக்குக் கீழே ஓடும் தண்டு

வரப்பில் அருகம்புல் நன்றாகப் படர்ந்த இடமாகப் பார்த்து, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்துப் பாருங்கள். கையால் இழுத்தால் மேலே இருப்பது மட்டும்தான் வரும். இந்தச் செடியின் பலமெல்லாம் கீழே இருக்கிறது. பெயர்த்த கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரைத்துவிட்டால், வெள்ளையும் இளமஞ்சளுமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு வலை கையில் மிஞ்சும். அதில் நார் நாராகத் தொங்குபவை வேர்கள். அவற்றைவிடத் தடித்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனில், வழவழப்பாக நீண்டு போகிறவையும் இருக்கும். பலரும் அவற்றையும் வேர் என்றே எண்ணுகிறார்கள். ஆனால் அவை தண்டுகள்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு தண்டை எடுத்து விரலால் வருடிக்கொண்டே போனால், சிறு சிறு இடைவெளியில் முடிச்சு தட்டுப்படும். அதுதான் கணு. வேருக்குக் கணு கிடையாது. ஒவ்வொரு கணுவையும் காகிதம் போன்ற ஒரு செதில் மூடியிருக்கும். அது பச்சையம் இல்லாத இலை. நகத்தால் அந்தச் செதிலை மெல்ல விலக்கினால் உள்ளே கடுகைவிடச் சிறிய ஒரு மொட்டு தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டின் நுனியில் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகி, கெட்டியான கூர்முனை ஆகியிருக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு போவது அந்த முனைதான். தண்டைக் குறுக்கே நறுக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். உள்ளே மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. கோடையில் மேலே உள்ள புல் முழுவதும் காய்ந்து சருகாகிப் போனாலும், ஒரு நல்ல மழை பெய்த சில நாட்களிலேயே வரப்பு பச்சையாகிவிடுகிறதே, அதற்கு முதலீடு இந்த மாவுதான்.

பள்ளிக்கூடப் பாடநூல்களில் அருகம்புல்லை ஓடுதண்டுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். தவறில்லை. தரைமேல் ஓடும் தண்டும் இதற்கு உண்டு. தொட்ட இடத்தில் வேர்விட்டுக்கொண்டே போகும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும்பாலான புற்களில் ஒரு கணுவுக்கு ஓர் இலை. அருகின் ஓடுதண்டைப் பார்த்தால் ஒரே கணுவில் இரண்டு மூன்று இலைகள் கிளம்புவது போலத் தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு மூன்று கணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள தண்டு நீளாமல் நின்றுவிட்டது. அந்தக் கூட்டுக் கணுவைத் தாண்டியதும் தண்டு ஒரே பாய்ச்சலாக நீளும், பிறகு மறுபடியும் ஒரு நெருக்கம். இதனால் ஒவ்வொரு நங்கூரத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் கிடைக்கின்றன. மாடு ஒன்றைக் கடித்துப் போனால் அடுத்தது துளிர்க்கிறது. ஆனாலும் அருகம்புல்லை அருகம்புல்லாக ஆக்கியது மேலே ஓடும் தண்டா, கீழே ஓடும் தண்டா என்று கேட்டால், கீழே ஓடுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான சான்று இந்த ஒரு புல்லிடம் மட்டும் இல்லை. இதன் பங்காளிகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால்தான் விளங்கும்.

அதற்கு முன் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. அருகு பூக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு மெல்லிய காம்பின் உச்சியில் மூன்று முதல் ஆறு வரையான விரல்கள் ஒரே புள்ளியிலிருந்து விரியும். கேழ்வரகுக் கதிரை மிகவும் மெலிய வைத்தால் இப்படித்தான் இருக்கும். கேழ்வரகும் அருகும் ஒரே கிளைக்குலத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. ஒவ்வொரு விரலின் ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு வரிசையாக, சிறுகதிர்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு பூ. காலையில் ஓர் உருப்பெருக்கியோடு குனிந்து பார்த்தால், இறகு போன்ற ஊதா நிறச் சூல்முடிகளும் காற்றில் ஆடும் மகரந்தப் பைகளும் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இந்தப் பூவை உருப்பெருக்கியில் பார்த்து மனம் நிறைந்து எழுதியிருக்கிறார். அவர் வியந்தது நியாயம்.

இவ்வளவு அழகாகப் பூத்தும் அருகு விதையை அதிகம் நம்பி வாழ்வதில்லை. தன் மகரந்தம் தன் சூலகத்தில் விழுந்தால் பெரும்பாலும் கரு உருவாகாது. வேறு ஒரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆனால் ஒரு வயல் முழுக்கப் பரவிக் கிடப்பது பல சமயம் ஒரே செடியின் தண்டுகளாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பதும் அதுவே, எதிரில் நிற்பதும் அதுவே. கண்ணுக்கு ஆயிரம் செடி, மரபணுவுக்கு ஒன்று. இந்த நிலையில் விதை குறைவாகப் பிடிப்பதில் வியப்பில்லை.

இனி பங்காளிகள். லின்னேயஸ் 1753இல் இந்தப் புல்லைப் பானிகம் என்ற பெரிய கூட்டத்தில் வைத்திருந்தார். அதைப் பிரித்து சைனோடான் என்ற தனிப் பேரினமாக நிறுத்தியவர் பிரெஞ்சுத் தாவரவியலர் லூயி குளோட் ரிச்சர்ட். தாவரவியலர் பெர்சூன் 1805இல் வெளியிட்ட நூலில் அது அச்சேறியது. அருகம்புல்லுக்கு அன்று முதல் சைனோடான் டாக்டைலான் என்று பெயர். இந்தப் பேரினத்தில் ஒன்பது பத்து சிற்றினங்கள்தான் உண்டு. அதிகமானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் நட்சத்திரப் புல் என்று அழைக்கப்படும் மூன்று சிற்றினங்கள் அருகைவிட மிகப் பெரியவை. முரட்டு ஓடுதண்டுகளோடு முழங்காலுக்கு மேல் வளரும். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வாலென்சிஸ் என்ற ஒன்று, நூல் போன்ற இலையோடு தரையோடு தரையாகக் கிடக்கும்.

நம் பக்கத்துப் பங்காளிகள் கோயம்புத்தூரில் அடையாளம் காணப்பட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கே வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ரங்காச்சாரியாரும் அவரோடு பணியாற்றிய தாடுலிங்கமும், எல்லாரும் அருகு என்று மிதித்துக்கொண்டு போன புல்லைக் குனிந்து பார்த்தார்கள். அதில் டாக்டைலான் அல்லாத இரண்டு இருப்பதைக் கண்டார்கள். ஒன்றுக்கு 1916இல் சைனோடான் பார்பெரி என்று பெயரிட்டார்கள்; சென்னை மாகாண அரசின் தாவரவியலராக இருந்து, பின்னர் கோவையில் கரும்பு இனப்பெருக்க ஆய்வைத் தொடங்கிய சி. ஏ. பார்பரைச் சிறப்பிக்க. இன்னொன்றை இன்டர்மீடியஸ் என்று அழைத்தார்கள். அது இப்போது வேறு பெயரில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1921இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ரங்காச்சாரியாரின் தென்னிந்தியப் புற்கள் கையேடு இன்றைக்கும் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கத் தகுந்த நூல். பார்பெரி தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை.

இப்போது இவை எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்போம். நட்சத்திரப் புற்கள் மூன்றுக்கும் நிலத்தடித் தண்டு கிடையாது. பார்பெரிக்குக் கிடையாது. இன்டர்மீடியஸ் என்று பெயர் பெற்றதற்கும் கிடையாது. மேலே மட்டும் படர்கின்றன. ஓர் உழவு உழுது வெயிலில் போட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. ஆப்பிரிக்காவைத் தாண்டி நட்சத்திரப் புல் போன இடங்களுக்கு, மேய்ச்சலுக்காக மனிதர்கள்தான் அதைக் கொண்டுபோனார்கள். அருகு பெரும்பாலும் யாரும் அழைக்காமலே ஆஸ்திரேலியா முதல் அமெரிக்கா வரை விளைநிலம் இருக்கும் வெப்ப நாடுகளில் எல்லாம் குடியேறிவிட்டது.

1960களில் தாவர ஆய்வாளர்கள் ஜாக் ஹார்லனும் டி வெட்டும் உலகெங்கும் இருந்து இந்தப் பேரினத்தின் செடிகளைத் திரட்டி, பக்கம் பக்கமாக வளர்த்து, குரோமோசோம்களை எண்ணினார்கள். அப்போது இன்னும் கூர்மையான ஒரு செய்தி வெளிப்பட்டது. டாக்டைலான் என்ற ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நிலத்தடித் தண்டு இல்லாத வடிவங்கள் உண்டு. ஒன்று மடகாஸ்கரில், ஒன்று ஆப்கானிஸ்தானில். அவையும் தங்கள் வட்டாரத்தைத் தாண்டவில்லை. உலகைச் சுற்றியது கீழே தண்டு ஓடும் வடிவம் மட்டுமே.

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு சாட்சியும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலென்சிஸுக்கு நிலத்தடித் தண்டு இருக்கிறது. இருந்தும் அது ஒரு சிறு பகுதியிலேயே அடங்கிக் கிடக்கிறது. ஆக, கீழ்த் தண்டு மட்டும் போதாது. டிரான்ஸ்வாலென்சிஸுக்கு 18 குரோமோசோம்கள். உலகம் சுற்றிய அருகுக்கு 36. எங்கோ ஒரு காலத்தில் தொகுதி இரட்டிப்பாகி, அதோடு பலவகைப் பண்புகளும் உள்ளே சேர்ந்திருக்கின்றன. உவர் மண்ணைப் பொறுப்பது ஒரு வகை, வறட்சியைப் பொறுப்பது ஒரு வகை, மிதிபடுவதைப் பொறுப்பது ஒரு வகை. அந்தப் பலவகைமையை நிலத்தடித் தண்டு சேமித்து வைத்துக்கொண்டது. நல்ல ஒரு சேர்க்கை அமைந்துவிட்டால், விதையில் அது கலைந்துபோக வேண்டியதில்லை. தண்டாகவே ஊர் ஊராகப் போகலாம். ஏர்க்காலில் ஒட்டிய மண்ணில், நாற்றோடு, கரும்புக் கரணையோடு.

1977இல் லெராய் ஹோமும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் மிக மோசமான களைகள் என்று ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகுக்கு. கோரையின் கதையும் தரைக்குக் கீழேதான் நடக்கிறது என்பதை நெல், வாழை, மஞ்சள் போட்ட எவரும் அறிவார்கள்.

ஆனால் களை என்று தூற்றப்பட்ட அதே பண்பையே மூலதனமாக்கிய ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் புல் ஆய்வாளராக வேலை பார்த்த கிளென் பர்ட்டன். பருத்திக் காடுகளில் அருகோடு மல்லுக்கட்டிச் சலித்த விவசாயிகள் இருந்த ஊர் அது. ஆங்கிலத்தில் அருகுக்குச் சாத்தான் புல் என்றும் ஒரு பேர் உண்டு. பழைய பருத்தி நிலம் ஒன்றில் கிடைத்த வீரியமான அருகையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அருகையும் அவர் கலந்தார். வந்த ஆயிரக்கணக்கான நாற்றுகளிலிருந்து தேர்ந்த ஒன்று 1943இல் கோஸ்டல் என்ற பெயரில் வெளியானது. உயரமாக வளரும், வறட்சி தாங்கும், விதை மிகக் குறைவு. விதை இல்லாததைக் குறை என்று பர்ட்டன் கருதவில்லை. விதை விழாத புல் பக்கத்துப் பருத்திக் காட்டுக்குள் பறந்து போகாது. தண்டுத் துண்டுகளை நட்டு மேய்ச்சல் நிலமாக்கலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் சுமார் ஒரு கோடி ஏக்கர் அப்படி நடப்பட்டது.

அடுத்து அவர் டாக்டைலானையும் நூலிலை டிரான்ஸ்வாலென்சிஸையும் கலந்தார். 36இல் பாதி 18, 18இல் பாதி 9, சேர்ந்தால் 27. மூன்று தொகுதி குரோமோசோம்கள் இரண்டு இரண்டாகச் சேர முடியாது. மகரந்தமும் சூலும் சரியாக உருவாவதில்லை. செடி மலடு, ஆனால் தண்டு பிரமாதமாக ஓடுகிறது. டிஃப்கிரீன் 1956இல் வந்தது, டிஃப்வே 1960இல். கோல்ஃப் திடல்களும் விளையாட்டரங்குகளும் இவற்றை அள்ளிக்கொண்டன. உலகில் எங்கே டிஃப்வே விரித்திருந்தாலும் அது டிஃப்டனில் முளைத்த ஒரே நாற்றின் துண்டு. டிஃப்கிரீன் விரித்த திடலில், தானாக மரபு மாறி, குட்டையாக வளர்ந்த சில திட்டுகள் கண்ணில் பட்டன; அதைப் பிரித்தெடுத்து 1965இல் டிஃப்டுவார்ஃப் என்று தனியே வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிச் சொல்ல வேண்டும். இதே பர்ட்டன்தான் கம்பில் ஆண்மலட்டு வரிசை ஒன்றை உருவாக்கினார். அந்த டிஃப்ட் 23ஏ லூதியானாவுக்கு வந்து, 1965இல் இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பு எச்பி-1க்குத் தாயானது. கம்பங்கூழ் குடிக்கிற நாடு அவரை இன்னும் கொஞ்சம் அறிந்திருக்கலாம்.

பர்ட்டனின் கடைசிக் காலப் படைப்புகளில் ஒன்று 1992இல் வந்த டிஃப்டன் 85. இதன் ஒரு பெற்றோர் நட்சத்திரப் புல் வழி வந்தது. மாட்டுக்கு நன்றாகச் செரிக்கும், விளைச்சலும் அதிகம். 2012 ஜூனில் டெக்சஸின் எல்ஜின் என்ற ஊருக்கு அருகே, இந்தப் புல்லில் விடப்பட்ட 18 மாடுகளில் 15 செத்துப்போயின. மரபணு மாற்றப் பயிர் மாடுகளைக் கொன்றது என்று செய்தி பரவியது. அது பொய். டிஃப்டன் 85 மகரந்தம் தூவிக் கலந்த சாதாரணக் கலப்பினம். கொன்றது சயனைடு. நட்சத்திரப் புற்களின் இலையில் சர்க்கரையோடு பிணைந்த ஒரு சேர்மம் இருக்கிறது. வறட்சியில் வாடி, இலை நசுங்கும்போது அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். நம் ஊரில் வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விடக் கூடாது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். இரண்டு சிற்றினங்களைக் கலக்கும்போது நாம் தேடுகிற பண்புகளோடு தேடாதவையும் வருகின்றன. நன்றாக உலர்த்தி வைக்கோலாக்கினால் இந்த நஞ்சில் பெரும்பகுதி போய்விடும்.

இனி, வயலில் அருகோடு போராடுகிறவர் இந்தத் தாவரவியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைப் பார்க்கலாம். முதலில், வெட்டினால் என்ன ஆகிறது. நீளமான கீழ்த் தண்டில் நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை நடுவில் உள்ள மொட்டுகளில் பெரும்பாலானவை உறங்கும். நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் அவற்றை அடக்கி வைக்கிறது. தண்டைத் துண்டாக்கினால் அடக்குமுறை அற்றுப்போகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மொட்டு விழித்துக்கொள்கிறது. ஈர மண்ணில் ரொட்டவேட்டர் ஓட்டினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு செடி நூறு துண்டாகி, நன்றாகப் பொலபொலத்த மண்ணில், சரியான ஆழத்தில், நட்டுவைக்கப்பட்டுவிடுகிறது. வாடகை கொடுத்து அருகு நடவு செய்ததாகவே அது முடியும். அருகு அடைத்த நிலத்துக்கு வேண்டியது கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, சட்டிக் கலப்பையால் புரட்டி, கொத்துக் கலப்பையால் தண்டுகளை மேலே இழுத்து வெயிலில் போடுவது. பெரும்பாலான தண்டுகள் மேல் 15 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. ஒன்றிரண்டு வாரம் சித்திரை வெயிலில் காய்ந்த துண்டு பிழைப்பது அரிது. நடுவில் மழை வந்தால் மறுபடி புரட்ட வேண்டும்.

இரண்டாவது ஆயுதம் நிழல். கரும்பு, மக்காச்சோளம், கேழ்வரகு போல அருகும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்கிறது. கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் அமிலமாகப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றிய செல்களில் கொண்டுபோய்ச் செறிவாக்குகிறது. 1966இல் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் கரும்பில் விளக்கிய முறை இது. 35 டிகிரி வெப்பத்திலும் அருகு கொழிப்பதற்கு இதுதான் காரணம். இந்தப் பொறி ஓடுவதற்குக் கூடுதல் சக்தி செலவாகும்; அருகு முழு வெயிலுக்கே பழகிய புல். வெயில் குறைந்தால் செலவைத் தாங்க முடியாமல் மெலிகிறது. மாமரத்தடியில் அருகம்புல் தரை பிடிக்காமல் திட்டுத் திட்டாக விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தக்கைப்பூண்டும் சணப்பும் நெருக்கமாக விதைத்து மூடினால், மண்ணுக்கு உரம் கிடைப்பதோடு கீழ்த் தண்டின் மாவுக் கையிருப்பும் கரைகிறது.

1974இல் சந்தைக்கு வந்த கிளைபோசேட் மூன்றாவது ஆயுதம். இலையில் பட்டால், சர்க்கரை போகும் வழியாகவே இதுவும் கீழே போகிறது. அதனால் புல் வாடி நிற்கும்போது அடித்தால் மேலே மட்டும் கருகும். செழித்து வளர்ந்து, சேமிப்பைக் கீழே அனுப்பும் பருவத்தில் பட்டால்தான் தண்டு வரைக்கும் எட்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. உழவும் நிழலும் இருக்கும்போது இதைக் கடைசியில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இவ்வளவும் வயலுக்குள். வரப்பில் கதை வேறு. மழையில் வரப்பு கரையாமல், ஏரிக்கரை சரியாமல் பிடித்து நிற்பது இதே வலைதான். மணமக்களை வாழ்த்தும்போது ஆலையும் அருகையும் மூங்கிலையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். தாவரவியல் கண்ணோடு பார்த்தால் அந்தத் தேர்வு அசாத்தியமானது: மூன்றுமே விதைக்குக் காத்திராமல் தம் உடலாலேயே பரவுகிறவை. ஆல் விழுதால், அருகும் மூங்கிலும் நிலத்தடித் தண்டால். மூங்கிலும் புல்தானே.

ஆகவே வரப்பில் இருக்கும் அருகை மருந்தடித்துச் சுடுகாடாக்குவதை நான் ஏற்கமாட்டேன். டெல்டாவில் நடவுக்கு முன் வரப்பின் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் அண்டை வெட்டிச் சேறு பூசுவார்கள். வயலுக்குள் நீட்டிய தண்டுகள் அந்த வெட்டில் அறுபடும், வரப்பின் உச்சியில் உள்ள புல் அப்படியே நிற்கும். அறுந்த துண்டுகளை வயலிலேயே மிதித்துவிடாமல் வாரி எடுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டால், வேலை முழுமை.